பேர் வெட்டப்பட்டவர்களும் நம் உறுப்பினர்களே



தோட்டத்தில் ஒருவருக்கு அறுபது வயது முடிந்து செக்ரோலில் பேர் வெட்டப்படும் அன்றைக்கே, அவருக்குப் புத்தி சொல்ல லயமே திரண்டுவிடுகிறது. "இனி என்ன, கோயில் குளம்னு இருங்க." "பேரப்புள்ளைகளப் பாத்துக்கிட்டு நிம்மதியா இருங்க." புருஷனோ பெண்சாதியோ தவறிப்போனால், "மனசத் தேத்திக்கிங்க, நம்ம கையில என்ன இருக்கு." இப்போதெல்லாம் மண்டபத்தில் கதிரை போட்டு, முதுமையிலும் வாழ்க்கைக்கு ஒரு நோக்கம் தேடிக்கொள்ளுங்கள் என்று வகுப்பு எடுக்க வருகிறவர்களும் இருக்கிறார்கள். வருகிறார்கள், பேசுகிறார்கள், பிளேன்டீயும் பணிசும் கொடுத்துவிட்டு வேன் ஏறிப் போய்விடுகிறார்கள்.

இவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் இவர்கள் எல்லோர் பேச்சிலும் ஒரு பொய் ஒளிந்திருக்கிறது. வயதானவர்கள் இழந்ததெல்லாம் மழை வெயில் மாதிரித் தானாக வந்து தானாகப் போனது, அதற்கு யாரும் பொறுப்பில்லை, மனதைச் சரிசெய்துகொள்வது மட்டும்தான் பாக்கி என்பதே அந்தப் பொய். நான் இதை மறுக்கிறேன். சாவு இயற்கை, அதை யாராலும் தடுக்க முடியாது. நம் முதியவர்கள் இழந்த மற்றவற்றில் பெரும்பகுதி, யாரோ ஒருவர் கையெழுத்துப் போட்டுப் பறித்தது. கையெழுத்துப் போட்டுப் பறித்ததை ஆறுதல் சொல்லித் தீர்க்க முடியாது.

இன்னொன்றும் சொல்கிறேன். வாழ்க்கைக்கு நோக்கம் என்பது காம்பராவில் தனியாக உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்கிற பொருள் இல்லை. நாலு பேருக்கு நாம் தேவைப்படுகிறோம், நம் பேர் ஒரு பட்டியலில் இருக்கிறது, நாம் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க ஆள் இருக்கிறது என்றால்தான் அது வரும். இதற்குச் சாட்சி தேடி நான் மலைக்கு வெளியே போகிறேன், மன்னார்க் கரைக்கு. அந்தக் கரை நமக்கு அந்நியமில்லை. நம் பாட்டன் பூட்டன் கால் முதலில் பதிந்த மண் அது.

எதை இழக்கிறார்கள்?

முதலில் போவது பேர். ஒருநாள் உழைப்புக்கே நாம் 'பேர்' என்றுதான் சொல்கிறோம். முழுப்பேர், அரைப்பேர் என்கிறோம். நாற்பது வருடம் பிரட்டுக்களத்தில் கூப்பிட்ட பேரை ஒருநாள் சிவப்புக் கோடு போட்டு வெட்டிவிடுகிறார்கள். நான் படிப்பிக்கும் தோட்டத்தில் ஒரு பெரியவர், ஓய்வு பெற்று இரண்டு வருடமாகியும் காலை ஐந்தரைக்குக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பிரட்டுக்கள ஓரத்தில் வந்து நிற்கிறார். யாரும் தன்னைக் கூப்பிடப் போவதில்லை என்று அவருக்கு நன்றாகத் தெரியும். இளவட்டங்கள் சிரிக்கிறார்கள். அவருக்குப் புத்தி பிசகவில்லை, தோழர்களே. காலையில் எழுந்தால் போவதற்கு அவருக்கு வேறு இடம் கிடையாது.

இரண்டாவது காசு. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம் என்ன சொல்கிறது? நாட்சம்பளத் தொழிலாளிக்கு, வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம். நாற்பது வருடம் கொழுந்து பறித்த தாய்க்கு 40 பெருக்கல் 14, அதாவது 560 நாள் சம்பளம். வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். தாமதித்தால் மேலதிகமாகச் செலுத்த வேண்டும். இது பிச்சையில்லை, சட்டம். ஆனால் இந்தப் பணத்துக்காக ஆபீஸ் படி ஏறி இறங்கும் முதியவர்களைப் பார்க்காத தோட்டம் உண்டா? ஊழியர் சேமலாப நிதியை எடுக்கப் போனால் அட்டையில் ஒரு பேர், அடையாள அட்டையில் ஒரு பேர். பிறப்புச் சான்றிதழில் மூன்றாவது ஒரு பேர். அந்தப் பேரைத் தப்பாக எழுதியவர் தொழிலாளி இல்லை. சத்தியக் கடதாசிக்கு அலைவது மட்டும் தொழிலாளி. கடைசியில், ஓய்வு பெற்றவர் அதே மலைக்கு, அதே கொழுந்துக்கு, 'கைக்காசு' என்ற பேரில் திரும்பிப் போகிறார். சேமலாப நிதியும் இல்லை, சுகவீன லீவும் இல்லை. இதைத்தான் சிலர் "பாருங்க, வயசானாலும் சுறுசுறுப்பா இருக்காங்க" என்று புகழ்கிறார்கள்.

மூன்றாவது வீடு. பிறந்து, பெற்று, புருஷனைப் பறிகொடுத்த காம்பரா, தோட்டத்தின் சொத்து. வீட்டில் வேலைக்குப் போகிற ஆள் இருக்கும்வரைதான் நிம்மதி. பிள்ளைகள் கொழும்புக்குப் போய்விட்டால், தனியாக இருக்கும் தாய்க்கு ஒவ்வொரு மாதமும் பயம்தான். ஆயுள் முழுக்க உழைத்தவருக்குச் சாகும்வரை படுக்க ஓர் இடம் என்று எழுத்தில் இல்லாதபோது, மன அமைதியைப் பற்றி அவரிடம் பேசுவதற்கு நமக்கு வாய் கூசவேண்டும்.

நான்காவது ஆள். அண்ணன் தம்பி, அக்கா தங்கை, பெற்ற பிள்ளை. இந்த இழப்பின் கதை தெரிய வேண்டுமானால் தலைமன்னாருக்குப் போக வேண்டும்.

தலைமன்னார் நமக்குக் காட்டிய கணக்கு

தோணியில் வந்து மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளைவரை காட்டுப் பாதையில் நடந்தவர்கள் நம் முன்னோர். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே செத்தவர்கள் எத்தனை பேர் என்று யாரும் ஒழுங்காக எண்ணி வைக்கவில்லை. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் கப்பல் ஓடத் தொடங்கியது, ரயில் துறைமுகம்வரை வந்தது. வந்த வழி சுலபமானது. அதே வழி பிறகு நம்மைத் திருப்பி அனுப்பவும் சுலபமானது.

1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவர் ஆக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மொத்தம் 975,000 பேர். அதில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. மீதி 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம். பத்து வருடம் கழித்து 1974இல் அந்த மீதியையும் பாதி பாதியாக, 75,000 வீதம் பிரித்துக்கொண்டார்கள். அந்த ஒன்பதே முக்கால் இலட்சம் பேரில் ஒருவரையும் கேட்கவில்லை. ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதம் ஆவதற்குள், 1964 டிசம்பரில், புயல் தனுஷ்கோடியை அழித்தது. புயலால்கூட ஆள் அனுப்புவதை நிறுத்த முடியவில்லை. கப்பலை இராமேஸ்வரத்துக்குத் திருப்பி விட்டார்கள், அவ்வளவுதான்.

மலைநாட்டு ஸ்டேஷன்களிலிருந்து தலைமன்னாருக்குப் புறப்பட்ட ரயிலுக்கு நம் மக்கள் வைத்த பேர் அழுகைக் கோச்சி. ஒரே வீட்டில் அண்ணனுக்கு இந்தியா, தங்கைக்கு இலங்கை. 1984 அளவில் கப்பல் நின்றபோது மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் போய்ச் சேர்ந்திருந்தார்கள். அன்று இருபது வயதில் பிளாட்பாரத்தில் நின்று கையசைத்தவர்கள் இன்று எழுபதைத் தாண்டியவர்கள். அவர்கள் யாரோ இல்லை. நம் லயத்துக் கோடிக் காம்பராவில் உட்கார்ந்திருக்கும் அம்மாயி, அப்பாயி, தாத்தாதான். நீலகிரியிலோ, கொடைக்கானலிலோ, திருச்சியிலோ இருந்து வந்த கடிதம் நின்று எத்தனை வருடமாயிற்று என்று அவர்களிடம் கேட்டவர் யார்?

2023இல் நாம் 200 வருடம் கொண்டாடினோம். ஜூலை 28இல் தலைமன்னாரில் தொடங்கி ஓகஸ்ட் 12இல் மாத்தளையில் முடிந்த அந்த நடைபயணம் சரியானது, தேவையானது. செத்துப்போன முன்னோருக்காக அந்தப் பாதையை நடந்து காட்டியவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் அதன் பிறகு என்ன செய்தோம்? பாதையில் செத்தவர்களின் பேர் தெரியவில்லையே என்று மேடையில் கண்கலங்கிய நாம், அழுகைக் கோச்சியைக் கண்ணால் கண்ட உயிருள்ள சாட்சிகளிடம் போய் ஒரு பேரையாவது எழுதி வாங்கினோமா? அவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். இன்னும் இருபது வருடத்தில் அவர்களுக்காகவும் பேர் தெரியாத கல் ஒன்று நடுவோம் போலிருக்கிறது.

ஓர் ஆயரின் கழித்தல் கணக்கு

இப்போது மன்னாரில் வயதானவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள்.

நெடுந்தீவில் 1940இல் பிறந்து, 1992 முதல் 2016 வரை மன்னார் ஆயராக இருந்தவர் இராயப்பு ஜோசப் ஆண்டகை. 2011 ஜனவரியில், கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு மன்னாருக்கு வந்தபோது அவருக்கு 70 வயது. எழுபது வயது மனிதருக்கு ஊர் என்ன சொல்லும்? ஓய்வெடுங்கள், செபம் செய்யுங்கள், நாட்டு நிலைமை சரியில்லை, வாயைத் திறக்காதீர்கள் என்று சொல்லும். அவர் ஆணைக்குழுவின் முன் ஒரு கழித்தல் கணக்கைக் கொண்டுபோய் வைத்தார்.

2008 ஒக்டோபரில் கச்சேரிக் கணக்கின்படி கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் இருந்தவர்கள் 429,059 பேர். 2009 ஜூலைவரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்களாக ஐக்கிய நாடுகள் சபை கணக்கிட்டது 282,380 பேர். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் 146,679. இவர்களுக்கு என்ன ஆனது? அவர் கேட்டது இவ்வளவுதான்.

நான் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பிக்கிறவள். இது ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய கழித்தல். நாடு முழுக்கப் பட்டதாரிகள், புள்ளிவிபர அதிகாரிகள், அமைச்சர்கள் இருந்தும் இதைப் பகிரங்கமாகப் போட்டுக் காட்டத் துணிந்தவர் எழுபது வயதுக்காரர். பிறகு புலனாய்வுத் துறை அவரையே விசாரித்தது. கணக்குப் பிழை என்று வேறு கணக்குகள் சொன்னவர்கள் உண்டு. ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு, பேர் பேராக, ஊர் ஊராக ஒரு பதில் இன்றுவரை வரவில்லை. 2021 ஏப்ரல் 1இல் அவர் காலமானார். அந்த எண்ணை யாரும் அழிக்க முடியவில்லை.

அந்தக் கணக்கில் நம்மவர் இல்லை என்று நினைக்காதீர்கள். 1958இல், 1977இல், 1983இல் அடிபட்டு, லயத்தை விட்டு வன்னிக்குப் போனவர்கள் நம் மாமன் மச்சான்மார். அங்கே காட்டை வெட்டிக் குடியேறி, கடைசி யுத்தத்தில் அகப்பட்டவர்களில் மலையகத்து வம்சாவளியினர் ஏராளம். ஆயர் கேட்ட கேள்வி நம் வீட்டுக் கேள்வியும்தான். இதை எத்தனை தோட்டக் கமிட்டிகள் பேசியிருக்கின்றன?

படத்தைக் கீழே வைக்காத தாய்மார்

2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமலாக்கப்பட்டோரின் உறவுகள் தெருவோரக் கொட்டகையில் உட்கார்ந்தார்கள். மன்னார்த் தாய்மாரும் அந்தப் போராட்டத்தின் பகுதிதான். பெரும்பாலும் அறுபது, எழுபது வயதுப் பெண்கள். கையில் பிள்ளையின் படம். பிரஷர், சீனி வருத்தம், மூட்டு வலி எல்லாவற்றையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தவர்கள்.

அவர்களுக்கும் அதே புத்திமதிகளைத்தான் சொன்னார்கள். மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். மரணச் சான்றிதழ் தருகிறோம், நட்டஈடு தருகிறோம், மறந்துவிட்டு மிச்சக் காலத்தை நிம்மதியாகக் கழியுங்கள். 2016இன் 14ஆம் இலக்கச் சட்டத்தால் காணாமற்போனோர் அலுவலகம் ஒன்று வந்தது. மன்னாரிலும் அதற்குக் கிளை வந்தது. தாய்மார் பலர் அதை நம்பவில்லை. எங்களுக்குச் சான்றிதழ் வேண்டாம், பதில் வேண்டும் என்றார்கள்.

"காயத்தைக் கிளறிக்கொண்டே இருந்தால் எப்படி ஆறும்?" என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல எண்ணத்தோடுதான் கேட்கிறார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். நம் வீட்டில் ஒரு சாவு என்றால் எட்டு உண்டு, கருமாதி உண்டு, வருடத் திவசம் உண்டு. மன்னார்க் கத்தோலிக்கக் குடும்பத்தில் நவம்பர் 2இல் சேமக்காலைக்குப் போய்க் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்துவார்கள். அழுவதற்கு நாளும் இடமும் குறித்துக் கொடுப்பதால்தான் மற்ற நாட்களில் உலை வைக்க முடிகிறது. உடலும் இல்லை, நாளும் இல்லை, குழியும் இல்லை என்றால் எந்த நாளில் அழுவது? திரி எங்கே கொளுத்துவது? 2018இல் மன்னார் நகரத்தில் பழைய சதொச வளவைத் தோண்டியபோது முந்நூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. அமெரிக்காவுக்கு அனுப்பிச் சோதித்ததில் அவை பதினைந்தாம் நூற்றாண்டுக்கும் பதினேழாம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை என்று 2019இல் முடிவு வந்தது. அந்த முடிவைக் குடும்பங்கள் பலவும் ஏற்கவில்லை. அந்தக் குழியின் ஓரத்தில் நிற்கும் ஒரு தாயின் மனதை நினைத்துப் பாருங்கள். இது என் பிள்ளையாக இருந்துவிடக் கூடாது. ஆனால் இதுவும் இல்லை என்றால் நான் இன்னும் எங்கே தேடுவது? இந்த மனதுக்கு ஆறுதல் வகுப்பு எடுக்க யாருக்குத் தகுதி இருக்கிறது?

காயத்தை ஆறவிடாமல் வைத்திருப்பவர்கள் தாய்மார் இல்லை. பதிலைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லாமல் இருப்பவர்கள்தான்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். துயரம் இவர்களைப் பெரியவர்கள் ஆக்கியது என்று கதை கட்ட வேண்டாம். பேரப்பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டு திண்ணையில் கிடந்திருப்பதைத்தான் அவர்களும் விரும்பியிருப்பார்கள். பதில் கிடைக்காமலே நூற்றுக்கும் மேற்பட்ட பெற்றோர் இறந்துபோனார்கள். அதில் அழகு எதுவும் இல்லை. ஆனாலும் நாம் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. தனித்தனி வீட்டில் தனித்தனியாக அழுதுகொண்டிருந்தவர்கள் ஒரு கூரையின்கீழ் வந்தார்கள். வராதவளைத் தேடி ஆள் அனுப்பினார்கள். எழுதத் தெரிந்தவள் எழுதாதவளுக்கு மனு எழுதினாள். ஒருத்தி ஆஸ்பத்திரியில் கிடந்தால் மற்றவள் அவளுடைய பிள்ளையின் படத்தையும் சேர்த்துப் பிடித்தாள். இழந்தது இழந்ததுதான், ஆனால் காலையில் எழுந்து போவதற்கு ஓர் இடம் இருந்தது. வராவிட்டால் கேட்க ஆள் இருந்தது.

அதே தீவில் இன்னொரு கூட்டத்தையும் மறக்கக் கூடாது. 1990 ஒக்டோபரில் புலிகளின் உத்தரவால், எருக்கலம்பிட்டி போன்ற ஊர்களிலிருந்து வட மாகாண முஸ்லிம்கள் எல்லோரோடும் சேர்த்து விரட்டப்பட்ட மன்னார் முஸ்லிம்கள். முப்பது வயதில் கடலால் புத்தளம் பக்கம் போனவர்கள், யுத்தம் முடிந்து திரும்பியபோது நரைத்துப்போயிருந்தார்கள். வளவு காடாகிக் கிடந்தது. எந்த வேலி யாருடையது, எந்தக் கிணறு எந்தக் குடும்பத்துடையது என்று கண்ணால் கண்டு சொல்லக்கூடியவர்கள் வயதானவர்கள்தான். உறுதி தொலைந்த இடத்தில் கிழவன் கிழவியின் ஞாபகம்தான் உறுதி. ஒரு சமூகம் திரும்பி எழும்போது முதியவர் பாரம் இல்லை, ஆதாரம். நாளைக்கு நம் லயத்துக்கும் காணிக்கும் உறுதி வரும்போது, யார் எத்தனை தலைமுறையாக எந்தக் காம்பராவில் இருந்தார்கள் என்று யார் சொல்வது?

எதிர்வாதங்களுக்குப் பதில்

"அவங்க ஒழைச்சது போதும், ஓய்வா இருக்கட்டும்" என்கிறார்கள். சரி. ஓய்வு உரிமை, அதை யாரும் பறிக்கச் சொல்லவில்லை. ஆனால் ஓய்வு வேறு, ஒதுக்கி வைப்பது வேறு. விரும்பினால் வரலாம், விரும்பினால் இருக்கலாம் என்றால் ஓய்வு. வரவே இடமில்லை என்றால் ஒதுக்கல்.

"பேரப்புள்ளை பாக்குறதவிட என்ன வேலை வேணும்?" என்கிறார்கள். இதற்குக் கொஞ்சம் சுடச்சுடவே பதில் சொல்கிறேன். தாய் வெளிநாட்டில் வீட்டு வேலைக்கும், அப்பன் கொழும்புக் கடைக்கும் போயிருக்க, மூன்று பிள்ளைகளைக் குளிப்பாட்டி, சமைத்து, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும் அம்மாயிமார் என் வகுப்புப் பிள்ளைகளில் எத்தனையோ பேருக்கு இருக்கிறார்கள். அது பாசம், அதை மதிக்கிறேன். அது வேலையும்கூட. சம்பளம் இல்லாத, லீவு இல்லாத, ஓய்வு வயது இல்லாத வேலை. கம்பெனிக்கும் அரசாங்கத்துக்கும் அது இலவசம். அந்த வேலையைத் தலையில் கட்டிவிட்டு, அதற்கு 'வாழ்க்கையின் நோக்கம்' என்று பேரும் வைப்பது நியாயமா?

"ஓய்வு பெற்றவங்க சந்தா கட்டுறதில்லை, சங்கம் எப்படி நடத்துறது?" என்கிறார்கள். இதைச் சொல்பவர்கள் நம் ஆட்கள்தான் என்பதால் நம்மைப் பார்த்தே பேசுகிறேன். சந்தா செக்ரோல் வழியாகச் சம்பளத்தில் வெட்டப்படுகிறது. பேர் வெட்டப்பட்டால் சந்தா நிற்கிறது. சந்தா நின்றால் உறுப்புரிமை நிற்கிறது. அதாவது, யார் நம் உறுப்பினர் என்பதைக் கம்பெனியின் ஆபீஸ் பேனாவே முடிவு செய்கிறது! முப்பத்தாறு வருடம் சந்தா கட்டிய ஒரு தாய் கூட்டம் முடிந்து என்னிடம் வந்து கேட்டார்: "டீச்சர், சங்கத்துக்கு நான் இன்னும் ஆளா?" வேலைநிறுத்தத்தில் பட்டினி கிடந்தவர். துரை பங்களாவுக்கு முன்னால் மழையில் குந்தியிருந்தவர். அவருக்கு இந்தக் கேள்வி வந்ததே நமக்கு வெட்கம்.

செய்ய வேண்டியவை

கேள்வி கேட்டுவிட்டு வேன் ஏறிப் போகிறவள் இல்லை நான். எனவே செய்ய வேண்டியதையும் எழுதுகிறேன்.

ஒன்று: ஓய்வு பெற்ற ஒவ்வொருவருக்கும் சந்தா இல்லாத உறுப்புரிமை. தோட்டக் கமிட்டியில் அவர்களுக்கு இரண்டு இடம், அதில் ஒன்று பெண்ணுக்கு. கையைக் கட்டி உட்காரும் கௌரவ இடம் வேண்டாம்; வாக்கு உள்ள இடம் வேண்டும்.

இரண்டு: ஓய்வு பெறப் போகிற ஒவ்வொருவருக்கும், ஏற்கனவே அந்தப் பாதையில் அலைந்து முடித்த ஒரு மூத்த தோழர் துணை. கே படிவம் எங்கே, எந்தப் பேர் எப்படித் திருத்துவது, பணிக்கொடைக்கு 30 நாள் முடிந்ததும் தொழில் திணைக்களத்துக்கு எப்படி முறைப்பாடு எழுதுவது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். பிரட்டுக்கள ஓரத்தில் சும்மா நிற்கும் அந்தப் பெரியவரின் தலைக்குள் நாற்பது வருட அனுபவம் கிடக்கிறது. அவருக்குக் காலையில் போவதற்கு ஓர் இடம் வேண்டும். நமக்கு அவர் வேண்டும்.

மூன்று: தோட்டத்துக்கு ஒரு பேர்ப் பதிவேடு. ஒரு சீ.ஆர். கொப்பி போதும். எந்த வருடம் யார் தலைமன்னார் வழியாகப் போனார்கள், எந்த ஊருக்குப் போனார்கள், யார் வன்னிக்குப் போனார்கள், யாரிடமிருந்து கடைசியாக எப்போது தகவல் வந்தது. பெரியவர்கள் சொல்லட்டும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதட்டும். என் வகுப்புப் பிள்ளைகளைத் தர நான் தயார். வன்னியில் காணாமற்போன நம்மவரின் பேர்கள் சேர்ந்ததும் மன்னாருக்கும் வவுனியாவுக்கும் போய் அந்தத் தாய்மாரோடு உட்காருவோம். அவர்களுடைய பட்டியலில் நம் பேர்களும் சேரட்டும்.

நான்கு: மரணாதாரச் சங்கம் பெட்டிக்கும் பந்தலுக்கும் காசு கொடுப்பதோடு நிற்கக் கூடாது. சாவு வீட்டில் முதல் மூன்று நாள் ஆள் நிறைந்திருக்கும். கருமாதி முடிந்ததும் யாரும் வருவதில்லை. தனிமை அப்போதுதான் தொடங்குகிறது. மூன்று மாதம்வரை வாரம் ஒருமுறை அந்த வீட்டுக்குப் போவது யார் என்று முறை போட்டு எழுத வேண்டும். துணையை இழந்த இன்னொருவரே போனால் நல்லது. என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியும், எப்போது பேசாமல் இருப்பது என்றும் தெரியும்.

ஐந்து: 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் சட்டத்தின் கீழ் கிராமங்களில் முதியோர் குழுக்கள் இயங்குகின்றன. நம் தோட்டப் பிரிவுகளிலும் அவை அமைய வேண்டும். கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் எழுத்தில் கேட்போம், பதிலை எழுத்தில் வாங்குவோம்.

கம்பெனியிடமும் அரசாங்கத்திடமும் நாம் வைக்கும் கோரிக்கை பழையதுதான். பணிக்கொடை 30 நாளுக்குள். வீட்டுக்கும் காணிக்கும் உறுதி. உறுதி வரும்வரை, ஓய்வு பெற்றவரைக் காம்பராவிலிருந்து கிளப்பமாட்டோம் என்று எழுத்தில் உத்தரவாதம். இவற்றைக் கேட்டுப் போகும்போது முன்வரிசையில் நரைத்த தலைகள் நிற்கட்டும். வேலையிலிருந்து நிறுத்துவேன் என்று துரை மிரட்ட முடியாத ஒரே கூட்டம் அதுதான்.

முதியவர்களே, தாய்மாரே, உங்களுக்கு நான் புத்தி சொல்லப் போவதில்லை. நீங்கள் இழந்தவற்றுக்கு ஈடு கொடுக்க எங்களால் முடியாது. போனவர் திரும்பி வரமாட்டார். ஆனால் உங்கள் பேரைத் திரும்ப எழுத எங்களால் முடியும். அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்துக்கு வாருங்கள். கூப்பிடவில்லையே என்று இருந்துவிடாதீர்கள். இந்த எழுத்தே அழைப்பு. உறுப்பினர் பட்டியலில் உங்கள் பேரை எழுதச் சொல்லுங்கள். தலைவர் தயங்கினால், எந்த வருடம் எந்தப் போராட்டத்தில் எங்கே நின்றீர்கள் என்று சொல்லுங்கள்.

தலைவர்மாரே, கம்பெனி வெட்டிய பேரை நாமும் சேர்ந்து வெட்டலாமா? பேனாவை எடுங்கள்.